திடலில் நம் பெண்மக்களுக்கும் பங்கு

(பீடோரில் சங்கத்தின் பொன்விழாவை முன்னிட்டு நடந்த குடும்ப தினக் கூட்டத்தில் மகளிர் பிரிவின் சார்பில் ஆற்றிய உரை)



 



ஐம்பதாண்டு என்பது சிறிய காலமல்ல. இந்தச் சங்கத்துக்குக் கால்கோள் இட்டவர்களில் பலர் இன்று நம்மோடு இல்லை. கடையநல்லூரிலிருந்தும் இராமநாதபுரத்துக் கடலோர ஊர்களிலிருந்தும் வந்து, ஈயலம்பமும் இரப்பர் தோட்டமும் சூழ்ந்த இந்த வட்டாரத்தில் மளிகைக் கடையும் சாப்பாட்டுக் கடையும் வைத்துப் பிழைத்தவர்கள் அவர்கள். பிள்ளைகளுக்கு ஓதக் கற்றுக்கொடுக்க ஓர் இடம், மையித் விழுந்தால் உதவிக்கு நாலு பேர், நோன்புக் கஞ்சிக்கு ஒரு கொப்பரை என்று தொடங்கியது இன்று கட்டடமாகவும் உபகாரச் சம்பளமாகவும் வளர்ந்து நிற்கிறது. அல்லாஹ் அவர்களுடைய நற்செயல்களை ஏற்றுக்கொள்வானாக, ஆமீன்.

என்னை "பெண்களும் ஆரோக்கியமும்" என்ற தலைப்பில் பேசச் சொன்னார்கள். நெய்ச்சோற்றைக் குறையுங்கள், சீனியைக் குறையுங்கள் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடலாம். ஆனால் இந்தப் பொன்விழா ஆண்டில் நம் சங்கம் ஒரு பெரிய காரியத்தில் இறங்கியிருக்கிறது. கட்டடத்துக்குப் பின்னால் உள்ள காலி இடத்தில் கூரை போட்டு, பூப்பந்தும் ஃபுட்சாலும் விளையாட ஒரு களம் அமைக்க வேண்டும், அதற்கு அரசாங்க மானியம் கேட்க வேண்டும் என்று செயலவை முடிவு செய்திருக்கிறது. நல்ல முடிவு. மனமார வரவேற்கிறேன். அந்தக் களத்தைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். மனு இன்னும் போகவில்லை. போவதற்கு முன் பேசினால்தானே பயன்?

முதலில் ஒரு கேள்வி. மானியம் என்கிறோமே, அது யாருடைய பணம்?

இளைஞர் விளையாட்டு அமைச்சு கொடுத்தாலும், நாடாளுமன்ற உறுப்பினரோ சட்டமன்ற உறுப்பினரோ தொகுதி ஒதுக்கீட்டிலிருந்து கொடுத்தாலும், தாப்பா மாவட்ட மன்றம் கொடுத்தாலும், அது வரிப் பணம். வருமான வரி கட்டாதவர்கூட விற்பனை வரியும் சேவை வரியும் கட்டுகிறார். வீட்டுக்கு மதிப்பீட்டு வரி கட்டுகிறோம். கடையில் கல்லாவில் உட்காருகிற மகளும், தொழிற்சாலைக்குப் போகிற மருமகளும், வீட்டிலேயே கேக் செய்து விற்கிற உம்மாவும் இதில் பங்கு போட்டிருக்கிறார்கள். பாதிப் பேர் பெண்கள். அந்தப் பணத்தில் எழும் களத்தில் அவர்களுக்கு என்ன பங்கு என்று கேட்பது சலுகை கேட்பதாகாது. கொடுத்ததில் உள்ள பங்கைக் கேட்பதுதான்.

நம் வட்டாரத்தில் திடல் என்றால் பழைய தலைமுறைக்குத் தோட்டத்துத் திடல்தான் ஞாபகத்துக்கு வரும். பேராக்கில் இரப்பர் தோட்டம் இருந்த இடத்திலெல்லாம் லயத்து வீடுகளும் கோயிலும் தமிழ்ப்பள்ளியும் போல ஒரு காற்பந்துத் திடலும் இருக்கும். அந்தி நேரத்தில் ஆண்கள் பந்து உதைப்பார்கள். பெண்கள்? விடியுமுன் எழுந்து சோறாக்கி, இருட்டோடு பால் வெட்டப் போய், பால் தூக்கி வந்து கொடுத்து, பிறகு துணி துவைத்து, விறகு பொறுக்கி, மறுபடியும் சோறாக்கி... அந்தத் திடல் அவர்களுக்குக் குறுக்கே நடந்து போகிற வழியாக மட்டுமே இருந்தது. யாரும் தடுக்கவில்லை. தடுக்க வேண்டிய அவசியமே வரவில்லை. நேரமே அவர்களைத் தடுத்துவிட்டது. பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டு, செம்பனையாகவும் வீடமைப்பாகவும் மாறியபோது அந்தத் திடல்களும் போயின. டவுனுக்கு வந்த குடும்பங்களில் ஆண்பிள்ளைகளுக்கு வாடகை ஃபுட்சால் களமாவது கிடைத்தது. பெண்பிள்ளைகளுக்கு அதுவும் இல்லை.

இதே பத்தாங் பாடாங் மாவட்டத்தில், நமக்குப் பக்கத்து ஊரான தாப்பாவில் பிறந்தவர்தான் ஓட்டக்காரர் எம். இராஜமணி. 1964ல் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஓடினார். பெண்களுக்கு 400 மீட்டர் ஓட்டமே அந்த ஒலிம்பிக்கில்தான் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது. 1966ல் பேங்காக் ஆசிய விளையாட்டில் அதே 400 மீட்டரில் தங்கம் வென்றார். தேசிய விளையாட்டு வீராங்கனை விருது தொடங்கப்பட்ட அந்த 1966ல் அதை முதலில் பெற்றவரும் அவரே. அடுத்த ஆண்டும் பெற்றார். தாப்பாவுக்கும் பீடோருக்கும் பஸ்ஸில் எவ்வளவு தூரம் என்று உங்களுக்கே தெரியும். இந்த மண்ணில் திறமைக்குக் குறைவில்லை. ஆனால் ஒரு இராஜமணிக்குப் பின்னால் ஓட இடம் கிடைக்காமல் நின்றுபோனவர்கள் எத்தனை பேர் என்று யாரும் கணக்கு வைக்கவில்லை.

இனி மார்க்கத்துக்கு வருகிறேன். பெண்ணுக்கு விளையாட்டு எதற்கு, மார்க்கம் அனுமதிக்குமா என்று சில பெரியவர்கள் கேட்பதுண்டு. ஆலிம்கள் இருக்கிற சபை. நான் ஃபத்வா சொல்ல வரவில்லை. எல்லோரும் அறிந்த இரண்டு செய்திகளை மட்டும் நினைவுபடுத்துகிறேன். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களும் நாயகம் (ஸல்) அவர்களும் ஒரு பயணத்தில் ஓட்டப் பந்தயம் வைத்தார்கள். அன்னையார் முந்தினார்கள். சில காலம் கழித்து, உடல் சற்றுப் பருத்த பிறகு, மறுபடியும் ஓடினார்கள். இந்த முறை நாயகம் (ஸல்) முந்தினார்கள். அதற்கு இது சரியாகப் போயிற்று என்று மகிழ்ச்சியாகச் சொன்னார்கள். அபூதாவூதில் பதிவான செய்தி இது. இன்னொன்று புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. பெருநாளில் பள்ளிவாசலில் அபிசீனியர்கள் ஈட்டி விளையாடியபோது, அன்னையார் பார்க்க விரும்பினார்கள். நாயகம் (ஸல்) மறைவாக நின்றுகொள்ள, அன்னையாருக்கே போதும் என்று தோன்றும் வரை பார்த்தார்கள். அவசரப்படுத்தவில்லை. இந்த இரண்டு செய்தியிலும் மறைவும் கண்ணியமும் இருக்கின்றன, மகிழ்ச்சியும் இருக்கிறது. ஒன்றுக்காக மற்றொன்றை விட வேண்டியதில்லை.

உடை ஒரு தடை என்பார்கள். அதிலும் உலகம் மாறிவிட்டது. 2011ல் ஈரான் மகளிர் காற்பந்துக் குழு தலைத்துணி அணிந்த காரணத்தால் ஒலிம்பிக் தகுதிச் சுற்றில் விளையாட முடியாமல் போனது. பலரும் விடாமல் கேட்டதால் 2014ல் காற்பந்து விதியே திருத்தப்பட்டது. 2023 உலகக் கிண்ணத்தில் மொரோக்கோவின் நுஹைலா பென்சினா ஹிஜாப் அணிந்தே களமிறங்கினார். நம் நாட்டின் துப்பாக்கி சுடும் வீராங்கனை நூர் சுரியானி 2012ல் எட்டு மாதக் கர்ப்பிணியாக லண்டன் ஒலிம்பிக்கில் பங்கெடுத்ததை உலகமே பார்த்தது. ஆக, உடையும் உடலும் தடையல்ல. பூட்டிய கதவுதான் தடை.

அந்தக் கதவு எங்கே பூட்டப்படுகிறது? பள்ளிக்கூடத்தில் அல்ல. 2011லிருந்து ஒரு மாணவர் ஒரு விளையாட்டு என்ற கொள்கை நடப்பில் இருக்கிறது. நான் உடற்கல்வி சொல்லிக்கொடுத்த காலத்திலும் சரி, இப்போதும் சரி, பெண்பிள்ளைகள் வலைப்பந்தும் பூப்பந்தும் நன்றாக ஆடுகிறார்கள். ஐந்தாம் படிவம் முடிந்து பள்ளிச் சட்டையைக் கழற்றிய மறுநாள் எல்லாம் நின்றுவிடுகிறது. அண்ணன் இரவு ஒன்பது மணிக்குச் சாவியை எடுத்துக்கொண்டு விளையாடப் போகிறான். தங்கை ராக்கெட்டை அலமாரி மேல் வைத்துவிடுகிறாள். பத்து வருடம் கழித்துக் கிளினிக்கில் இரத்தம் எடுத்துப் பார்க்கும்போது டாக்டர் அவளிடம் கேட்கிறார், "ஏம்மா, உடற்பயிற்சி செய்வதில்லையா?" எங்கே போய்ச் செய்வது என்று அவள் திருப்பிக் கேட்பதில்லை.

2019 தேசிய சுகாதார ஆய்வின்படி இந்நாட்டில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. பாதிப் பேருக்கு அதிக எடை அல்லது உடல் பருமன். உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் உடலை அசைக்கச் சொல்கிறது. அதே நிறுவனத்தின் 2022 கணக்குப்படி உலகில் போதுமான அளவு உடலை அசைக்காதவர்கள் ஆண்களில் 29 விழுக்காடு, பெண்களில் 34 விழுக்காடு. நம் குடும்பங்களில் இன்சுலின் ஊசி போடாத வீடு எத்தனை? நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

"களம் கட்டுகிறோம், பெண்களை வரவேண்டாம் என்று யாரும் சொல்லவில்லையே" என்று சகோதரர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. மூன்று ஊர்களின் கதையைச் சொல்கிறேன்.

முதலாவது, அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ். அங்கே மாநகரப் பூங்காக்களில் ஆண்பிள்ளைகளின் பேஸ்பால் சங்கங்களுக்கு நிரந்தரத் திடல்கள் இருந்தன. சிறுமிகளின் சாஃப்ட்பால் சங்கம் ஒன்றோ இடம் மாறி இடம் மாறி விளையாடிக்கொண்டிருந்தது. பெண்பிள்ளைகள் வரக்கூடாது என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. முதலில் வந்தவர்களுக்கு இடம், அவர்களே தொடரலாம் என்ற பழக்கம், அவ்வளவுதான். 1998ல் பெற்றோர்கள் மாநகராட்சி மீது வழக்குப் போட்டார்கள். 1999ல் சமரசமாக முடிந்தது. 2004ல் கலிபோர்னியா மாநிலமே சட்டம் கொண்டு வந்தது: பொதுத் திடல்களைப் பிள்ளைகளுக்குப் பகிர்ந்து கொடுக்கும்போது ஆண் பெண் பாகுபாடு கூடாது என்று.

இரண்டாவது, ஆஸ்திரியாவின் வியன்னா. 1990களில் அங்கே பூங்காக்களை ஆராய்ந்தபோது, ஒன்பது வயதுக்கு மேல் சிறுமிகள் பூங்காவுக்கு வருவது வெகுவாகக் குறைவதைக் கண்டார்கள். ஏன்? ஒரே பெரிய திறந்தவெளி. அதைப் பையன்களின் பந்து பிடித்துக்கொள்கிறது. நகராட்சி அந்த வெளியைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்தது, நடைபாதைகளைச் சீராக்கியது, கைப்பந்துக்கும் பூப்பந்துக்கும் இடம் ஒதுக்கியது. சிறுமிகள் திரும்பி வந்தார்கள். அவர்களுக்கு யாரும் அறிவுரை சொல்லவில்லை. இடத்தின் அமைப்பைத்தான் மாற்றினார்கள்.

மூன்றாவது நம் பக்கத்து மாநிலமான பினாங்கு. 2012லிருந்து அங்கே பினாங்கு மகளிர் மேம்பாட்டுக் கழகமும் இரண்டு நகராண்மைக் கழகங்களும் சேர்ந்து, வரவு செலவுத் திட்டத்தை ஆண் பெண் இருவரின் தேவையையும் பார்த்துப் போடும் முறையை முயன்று பார்த்தன. மலிவு விலை அடுக்குமாடியில் குடியிருப்பவர்களை ஆண்கள், பெண்கள், இளைஞர், முதியோர் என்று தனித்தனியாக உட்கார வைத்து, உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார்கள். எல்லோரையும் ஒரே கூட்டத்தில் கேட்டால் ஒலிபெருக்கியைப் பிடிப்பவர் யார் என்பது நமக்குத் தெரியாதா?

இந்த மூன்று கதைகளிலும் பாடம் ஒன்றுதான். தடுக்காமல் இருப்பது மட்டும் போதாது. யாருக்கு எந்த நேரம், எந்த வசதி என்று முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். எழுதாவிட்டால் பழக்கம் தீர்மானிக்கும். பழக்கம் எப்போதும் முதலில் வந்தவர் பக்கம்.

நம் களத்துக்கே ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வேலைக்கும் பள்ளிக்கும் போகிறவர்கள் விளையாடக்கூடிய நேரம் எது? அசருக்குப் பிறகு மக்ரிபுக்கு முன் ஒரு வேளை, இஷாவுக்குப் பிறகு ஒரு வேளை. நாளைக்கு இரண்டு, வாரத்துக்கு 14 வேளை. இப்போதைய பேச்சுப்படி இளைஞர் பிரிவு பயிற்சி, நண்பர்கள் குழு, வாடகைக்கு விடுவது என்று இந்த 14ம் நிரம்பிவிடும். மகளிருக்குக் காலை நேரம் முழுவதும் காலியாக இருக்கிறதே என்கிறார்கள். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு யார் வருவார்கள்? மகள் பள்ளியில், மருமகள் தொழிற்சாலையில், மாமி அடுப்படியில். பிறகு வருட முடிவில், "பெண்கள் வருவதில்லை, அந்த நேரத்தையும் வாடகைக்கு விட்டுவிடலாம்" என்று கூட்டக் குறிப்பில் எழுதுவோம். வரமுடியாத நேரத்தைக் கொடுத்துவிட்டு வரவில்லை என்று சொல்வது நியாயமா?

பெண்களுக்கு ஆர்வமில்லை என்ற பேச்சுக்கு இன்னொரு பதிலும் உண்டு. அமெரிக்காவில் 1972ல் ஒரு சட்டம் வந்தது, அரசாங்கப் பணம் பெறும் கல்வி நிலையங்களில் ஆண் பெண் பாகுபாடு கூடாது என்று. அதற்கு முன் உயர்நிலைப் பள்ளி விளையாட்டுகளில் பங்கெடுத்த மாணவிகள் மூன்று இலட்சத்துக்கும் குறைவு. இன்று முப்பது இலட்சத்துக்கும் அதிகம். ஐம்பது ஆண்டில் பெண்களின் இயற்கை மாறிவிடவில்லை. வாய்ப்பு வந்தது, ஆர்வம் பின்னால் வந்தது.

நம் நாடும் இதில் கையெழுத்துப் போட்டிருக்கிறது. பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கும் ஐக்கிய நாட்டு உடன்படிக்கையில் மலேசியா 1995ல் சேர்ந்தது. அதில் விளையாட்டில் பங்கெடுக்கும் உரிமை தெளிவாகவே சொல்லப்பட்டிருக்கிறது. 2001ல் நம் கூட்டரசு அரசமைப்புச் சட்டத்தின் 8வது விதியில், பாகுபாடு காட்டக்கூடாத காரணங்களில் பாலினமும் சேர்க்கப்பட்டது. ஆகவே, பெண்களுக்கு நேரமும் வசதியும் எழுதிய மனு அதிகாரியின் மேசையில் பலவீனமான மனுவாக இருக்காது; பலமான மனுவாகவே இருக்கும்.

செயலவையிடம் மகளிர் பிரிவு வைக்கும் வேண்டுகோள்கள் இவை.

ஒன்று, அந்த 14 வேளைகளில் ஐந்தை மகளிருக்கும் சிறுமிகளுக்கும் என்று மனுவிலேயே எழுத வேண்டும். அதில் இரண்டாவது இஷாவுக்குப் பிந்திய வேளையாக இருக்க வேண்டும். பாதி கேட்கவில்லை, தொடக்கத்துக்கு ஐந்து. வருகை கூடினால் மறுபடி பேசுவோம்.

இரண்டு, வரைபடத்தில் ஒரே ஒரு கழிவறைதான் இருக்கிறது. மகளிருக்குத் தனிக் கழிவறை, உடை மாற்றும் அறை, ஒளூ செய்ய இடம், தொழ ஒரு மூலை வேண்டும். கட்டி முடித்த பிறகு உடைத்துச் சேர்ப்பதைவிட இப்போது கோடு போடுவது செலவு குறைவு.

மூன்று, களத்தின் சாலைப் பக்கம் பார்வை மறைக்கும் தடுப்பு வேண்டும். காற்று வரட்டும், கண் வரவேண்டாம். வாசலிலிருந்து கார் நிறுத்தும் இடம் வரை விளக்கு வேண்டும். இருட்டில் நடந்து வர வேண்டியிருந்தால் எந்த உம்மாவும் மகளை அனுப்பமாட்டார்.

நான்கு, சாவியும் பதிவுப் புத்தகமும் ஒருவர் கையில் மட்டும் இருக்கக்கூடாது. களத்தை நிர்வகிக்கும் குழுவில் குறைந்தது இரண்டு பெண்கள் இருக்க வேண்டும். வாரம் ஒருமுறை சொல்லிக்கொடுக்கப் பெண் பயிற்றுநர் ஒருவருக்கும் சிறு தொகை ஒதுக்க வேண்டும்.

ஐந்து, இதுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. பொதுப் பணத்தில் கட்டினால் அது பொதுவான இடம். மகளிர் நேரத்தில் நம் வீட்டுப் பெண்கள் மட்டுமல்ல, பக்கத்துத் தாமானில் இருக்கும் இந்து, சீன சகோதரிகளும், மலாய் சகோதரிகளும், பக்கத்துக் கம்பங்களில் வாழும் ஒராங் அஸ்லி பிள்ளைகளும் வரலாம் என்று பலகையில் எழுத வேண்டும். நமக்கு நியாயம் கேட்கிறவர்கள் பிறருக்கு நியாயம் கொடுக்கத் தயங்கக்கூடாது.

இதற்கு ஒரு விலை உண்டு என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஐந்து வேளை மகளிருக்குப் போனால் தம்பிமார்களுக்கு ஐந்து வேளை குறையும். வாடகை வருமானமும் கொஞ்சம் குறையும். மின்கட்டணம் குறையாது. அதை ஈடுகட்ட மகளிர் பிரிவும் தலைக்கு ஒரு சிறு கட்டணம் கட்டும்; பெருநாள் சந்தையில் பலகாரம் விற்ற பணத்தில் வலையும் ராக்கெட்டும் வாங்கிக்கொள்ளும். எல்லாவற்றையும் சங்கத்தின் தலையில் போட மாட்டோம். ஆனால் கணக்குப் பார்க்கும்போது, ஒரு தாய்க்கு டயாலிசிஸ் செய்ய வாரம் மூன்று நாள் காரோட்டிப் போகிற மகனின் செலவையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தாய்மார்களுக்கும் ஒரு வார்த்தை. நேரம் கிடைத்தால் நாம் வர வேண்டும். "எனக்கென்ன இந்த வயதில்" என்று சொல்லி மகளையும் உட்கார வைத்துவிடக் கூடாது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் உடல் பருத்த பிறகும் ஓடினார்கள், தோற்றாலும் ஓடினார்கள். அந்தச் செய்தியில் நமக்கான பாதி அதுதான்.

இந்தச் சங்கத்தின் முதல் ஐம்பது ஆண்டில் நம் பெரியவர்கள் பெண்பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். அதை எதிர்த்தவர்களும் அப்போது இருந்தார்கள். இன்று ஆசிரியைகளும் தாதியர்களும் கணக்காய்வாளர்களும் இந்தச் சபையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அடுத்த ஐம்பது ஆண்டில் அந்தப் பெண்கள் நல்ல உடலோடு இருக்க வேண்டும். அதற்கான முதல் காரியம் அடுத்த செயலவைக் கூட்டத்தில் அந்த மனுவில் சேர வேண்டிய சில வரிகள். அந்தக் கூட்டத்துக்கு மகளிர் பிரிவிலிருந்து இருவரை அழையுங்கள். நாங்கள் வரைபடத்தோடு வருகிறோம்.

 வல்ல அல்லாஹ் நம் சங்கத்துக்கும் குடும்பங்களுக்கும் உடல் நலத்தையும் ஒற்றுமையையும் பரக்கத்தையும் தந்தருள்வானாக. ஆமீன்.